அக்காவின் பேரில் ஒரு வீடு

ரொக்ஸ்பரோ,
யூன் 12, 2024

அன்புள்ள தம்பி நகுலேஸ்வரனுக்கு,

நீயும் உன் மனுசி வதனியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை. போனில் கதைத்தால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மகள் சாம்பவியின் கலியாணம் முடிந்து பதினொரு நாள். நேற்று மண்டபக்காரர் போன் எடுத்து, "அக்கா, உங்கட செக் திரும்பி வந்திட்டுது" என்றார். வங்கிக்கு ஓடினேன். நீங்கள் குடியிருக்கும் லாசால் வீட்டுக்கு விதித்த தண்டம் கட்டப்படவில்லை என்று நகரசபை வழக்குப் போட்டு, நான் வராததால் தீர்ப்பும் வாங்கி, என் கணக்கை முடக்கிவிட்டதாம். நீ கீழே பேஸ்மன்டில் அனுமதியில்லாமல் சமையல் குசினி கட்டி வாடகைக்கு விட்ட குற்றமாம். வீடு என் பேரில் இருப்பதால் குற்றவாளி நான். எட்டு மாதமாக அந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டார்களாம். ஒன்றாவது ஏன் என் கண்ணில் படவில்லை?

உன் அக்கா,
இந்திராதேவி

லாசால்,
யூன் 18, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை. நகரசபையின் முதல் கடிதம் வந்த கிழமைதான் சாம்பவிக்கு நாள் வைத்தீர்கள். கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வதனி மறித்தாள். "நாள் வைச்ச வீட்டுக்கு உந்தக் கடிதத்தைக் கொண்டு போகாதேங்கோ, அபசகுனம். கலியாணம் முடியட்டும்" என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. பிறகு மாதம் ஒன்று வந்தது. அவற்றில் ஒன்றையும் பிரிக்கவில்லை. பிரித்தால் சொல்லவேண்டி வருமே என்ற பயம்.

குசினியை உடைத்துவிட்டேன். இரண்டு வேலை செய்கிறேன், மாசிக்குள் முழுவதும் கட்டுவேன். என்னிடம் விசா இல்லாத காலத்தில் வீட்டை உங்கள் பேரில் வாங்கினோம். ஒன்பது வருடமாகத் தவணை கட்டியது நான். வீட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள் அக்கா.

அன்புத் தம்பி,
நகுலேஸ்வரன்

ரொக்ஸ்பரோ,
யூலை 9, 2024

அன்புள்ள தம்பிக்கு,

மாசி வரை யார் பொறுப்பார்கள்? நான் குடியிருக்கும் இந்த வீட்டையும் ஏலத்தில் விடலாம் என்று எச்சரித்துத் தாள் வந்திருக்கிறது. சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்தால் சாம்பவி தலைநிமிர முடியுமா?

லாசால் வீட்டை விற்கக் கையெழுத்து வைத்துவிட்டேன். கோபத்தில் இல்லையடா, பயத்தில். ஓகஸ்ற் முடிவதற்குள் காலி செய்துவிடு. தண்டமும் கடனும் போக மிஞ்சுவது உனக்குத்தான். அக்காவை வெறுத்துவிடாதே.

இந்திராதேவி

லொங்கேய்,
செப்ரெம்பர் 3, 2024

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை வெளியேறிவிட்டோம். இங்கே வதனியின் சிநேகிதி வீட்டில் ஒரு அறை. நீங்கள் அனுப்பிய காசோலை கிடைத்தது. பயத்தில் விற்றதை நான் மன்னித்திருப்பேன். பிழையைத் தொடங்கியவன் நான்.

ஆனால் வீடு வாங்கியவர் தன் விற்பனைப் பத்திரத்தைக் காட்டினார். இந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று அதில் ஒரு கேள்வி. "வாடகைக்காரர் ஒருவர், உறவினர் அல்லர்" என்று பதில் இருந்தது. கீழே உங்கள் கையெழுத்து.

காசோலையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி எழுதவேண்டாம்.

நகுலேஸ்வரன்