ஞாயிறு மேட்னியில் உன் குரல்

பீரோவின் அடித்தட்டை ஒழித்துக்கொண்டிருந்த என் மருமகள் ஒரு கறுப்புப் புர்காவை வெளியே இழுத்துப் போட்டாள். "அத்தே, சர்ச்சுக்குப் போற வீட்ல இது இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். அந்துருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது. அந்தத் துணியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் எது நடந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லத்தான் வாய் வருகிறது. பழக்கதோஷம், என்ன செய்யச் சொல்கிறாய்?

பேரணாம்பட்டில் நம் இரண்டு பேர் அப்பாவுக்கும் ஒரே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. நமக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே சர்ச், ஒரே பாடகர் குழு. கிறிஸ்துமஸ் நாடகத்தில் நீ மரியாளாக வந்து பாடியதைக் கேட்டுத்தான் இசை நாடகக் கம்பெனிக்காரர் உன்னைக் கூப்பிட்டார். சர்ச்சில் பாதிப் பேர் உங்கள் வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்கள். நீயோ, "மரியாள் வேஷம் போட்டா புண்ணியம், ராணி வேஷம் போட்டா பாவமா? நல்லா இருக்குதே நியாயம்!" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாய். நான் நர்ஸ் படிப்புக்கு வேலூர் போனேன். ஆளுக்கொரு திசை.

கலவை என்கிற ஊரில் ஒரு திருவிழாவுக்கு உன் நாடகம் என்று கேள்விப்பட்டு லீவு போட்டு வந்தேன். பாட்டு நடுவில் மைக் செத்துவிட்டது. ஐயோ, மானம் போச்சே என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். உனக்கு ஒன்றுமே ஆகவில்லை. சுருதியைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, பாடிக்கொண்டே மேடையின் விளிம்புக்கு நடந்து வந்தாய். கடலை விற்கிறவன் கூடக் கூவுவதை நிறுத்திவிட்டான். நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் வந்து, பயமாக இல்லையா என்று கேட்டேன். "மைக் போனா போவட்டும், பாட்டு நிக்கக் கூடாது. எங்க கம்பெனில அதான் சட்டம். இப்பல்லாம் நான் நெனைக்கிறதே இல்லடி, தடுக்கி விழுந்தா கை ஊணுற மாதிரி அதுவா வந்துடுது," என்றாய்.

பிறகு சினிமா. தங்கை, அண்ணி, அம்மா என்று உன் வேஷங்களுக்கு உன்னைவிட வேகமாக வயசாயிற்று. உன்னைவிடப் பெரியவனை எல்லாம் "ராசா" என்று மடியில் கிடத்தி அழுதாய். உன் முகம் ஊர் முழுக்கத் தெரிந்தது. ஆனால் பாட்டு வந்தால் யாரோ பாடினார்கள். பேச்சில் நம் ஊர் 'இன்னா' எட்டிப் பார்க்கிறது என்று வசனத்தையும் வேறு ஒருத்தி பேசினாள். "என் மூஞ்சிக்குள்ள வேற யாரோ குடியிருக்காங்கடி," என்று சிரிப்பாய். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்காது.

அப்புறம்தான் நம் பக்கத்திலேயே எடுத்த அந்தப் படம். தோல் ஷாப்பில் வேலை செய்யும் தாய், அடிபட்டுக் கிடக்கும் மகனை மடியில் போட்டுத் தாலாட்டுப் பாடுகிறாள். படப்பிடிப்பில் நீயே பாடினாய். அதையே வைத்துக்கொள்கிறோம் என்று டைரக்டர் சொன்னாராம். ஆம்பூரில் என் வீட்டுப் போனில் நீ போட்ட கூச்சலில் என் காது அடைத்துக்கொண்டது. "இந்தத் தடவ என் தொண்டைதான்டி! ஆம்பூர்லயே பாக்கலாம், வர்றேன்!"

வந்தாய். ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஆனால் அடையாளம் தெரியக் கூடாது. பக்கத்து வீட்டு ரஹ்மத் ஆபாவிடம் இந்தப் புர்காவை இரவல் வாங்கி உனக்கு மாட்டிவிட்டேன்; பிறகு திருப்பிக் கொடுக்கப் போனபோது, நீயே வைத்துக்கொள் என்றுவிட்டார் அந்த அக்கா. படம் வந்த முதல் நாள் மேட்னி. தாலாட்டு வரப்போகிறது என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். திரையில் உன் உதடு அசைந்தது. வந்தது ஒரு சின்னப் பெண்ணின் குரல். உன் பிடி அப்படியே தளர்ந்தது. குரலை மாற்றியதைப் பற்றி யாருமே உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

வெளியே டீக்கடையில், "நல்லாத்தான் பாடியிருக்குது அந்தப் பொண்ணு," என்றாய். வீட்டுக்கு வந்து, "இனிமே பாட்டு வேணாம்டி. கேக்கறவங்களுக்கு மூஞ்சிய மட்டும் குடுக்கறேன்," என்றாய். சும்மா கோபத்தில் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். மறுநாள் குளிக்கும்போது கூட உன் சத்தம் இல்லை. பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. செத்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்த நர்ஸ் நான். இது வேறு மாதிரிப் பயம்.

என் தம்பி அந்தத் தியேட்டரில் ஆபரேட்டர் என்பது உனக்குத் தெரியும். அன்று அவனிடம் போய் நான் என்ன பேசினேன் என்பதுதான் உனக்குத் தெரியாது. அப்படித்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு பாட்டுக்கு சவுண்ட நிறுத்துடா."

"உனக்கு இன்னா பைத்தியமா அக்கா? ஸ்க்ரீன கிழிச்சிடுவானுங்க. ஓனரு என்னத் தொலைச்சிடுவாரு."

"மெஷின் பேஜார் பண்ணிடுச்சின்னு சொல்லு."

"அவங்க பாடலன்னா?"

"பாடுவா. பாடாம அவளால இருக்க முடியாது," என்றேன். அவ்வளவு தைரியமாகச் சொன்னேனே தவிர, எனக்கே அது நிச்சயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். "பாத்த படத்த இன்னாத்துக்குப் பாக்கறது?" என்று வழியெல்லாம் முனகினாய். உனக்காகத்தான் அன்று ஊரே வந்த மாதிரி கூட்டம். தாலாட்டு தொடங்கும் இடத்தில் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி, இல்லாமல் போனது. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. திரையில் உன் உதடு சும்மா அசைந்துகொண்டிருந்தது. "சவுண்டு! சவுண்டு!" என்று கத்தினார்கள். விசில் பறந்தது. "ஆபரேட்டர் தூங்கிட்டான்டா!" என்று ஒருத்தன் கூவினான். நான் உன் பக்கம் திரும்பவே இல்லை. கர்த்தரே, கர்த்தரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் பக்கத்து இருட்டிலிருந்து அது எழுந்தது. முதல் வரி புர்காத் துணிக்குள் சிக்கிக்கொண்ட மாதிரி வந்தது. இரண்டாவது வரியில் சுருதி ஏறியது. நம் வரிசை அடங்கியது, அடுத்த வரிசை அடங்கியது, விசில்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. படப்பிடிப்பில் நீ பாடியதற்கு அசைந்த உதடுதானே அது? உன் குரல் அதில் போய் அப்படிப் பொருந்தியது. திரையில் நீ மகனின் தலையைத் தடவுகிறாய், என் பக்கத்தில் நீ பாடுகிறாய். எந்த நீ நிஜம் என்று எனக்கே மயக்கமாக இருந்தது. தூக்கத்தில் கேட்கிற பாட்டைப் போல அது முடியாமலே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது. "டேய், சவுண்டு வந்துடுச்சுடா!" என்று பின்னால் ஒருவன் சொன்னான். தியேட்டரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் மட்டும் மூக்கைச் சிந்திவிட்டு, "யாரும்மா நீ?" என்று கேட்டாள். "மேல்விஷாரம்," என்று புர்காவுக்குப் பொருத்தமாக ஓர் ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாய். உனக்கு வயசு அப்போது ஐம்பதுக்கு மேல். தெருவில் நின்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது.

அதற்குப் பிறகு, "குரல் வேணாம்னா ஆளும் வேணாம்," என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் துணிந்துவிட்டாய். படங்கள் கம்மியாயின. சீரியல் வந்தது. அதில் உன் 'இன்னா' அப்படியே வந்தது, ஜனங்களுக்கு ஜாஸ்தி பிடித்தது. பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் எல்லாம், "அன்னைக்கு ஆண்டவர்தான் தியேட்டர்ல சவுண்ட நிறுத்தினாரு," என்று சாட்சி சொல்வாய். கேட்டுக்கொண்டு நான் கம்மென்று இருப்பேன். உன் விசுவாசத்தைக் கெடுக்க நான் யார்?

கடைசியாக நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு காலை, ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுக் கேட்டாய்: "உன் தம்பிய அன்னைக்கு ஓனர் ரொம்பத் திட்டினாரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி, உனக்கு எப்படித் தெரியும்?"

"தானா கெட்டா சவுண்டு படக்குன்னு போவும்டி. அன்னைக்கு மெதுவா கொறைஞ்சுது. அது ஒரு ஆள் கை."

"அப்போ ஊரெல்லாம் ஆண்டவர்னு சொன்னியே?"

"உன் தம்பி பேர சொன்னா அவன் வேல போய்டும். ஆண்டவர யாரால வேலைய விட்டுத் தூக்க முடியும்?" சிரிக்கப் போய் உனக்கு இருமல் வந்துவிட்டது. மாஸ்க்கைத் திரும்பப் போட்டுவிட்டேன். அதுதான் நீ என்னிடம் முழுதாகப் பேசிய கடைசிப் பேச்சு.

போன மாதம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். டி.வி.யில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். தாலாட்டு வருகிற நேரம், தம்பி ரிமோட்டை எடுத்து, அவசரப்படாமல், சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினான். நீ பாடி முடிக்கும் வரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.