மிதித்த பிறகு நடக்க வேண்டும்

திருக்கோகர்ணம்,
புதுக்கோட்டை.

அன்பு மகள் இளமதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் நினைப்பு. தினம் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அவரைப் பற்றி அவர் காதுபடவே எப்படிச் சொல்வது. அடுத்த தெரு கண்ணன் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். முறுக்கும் வைத்திருக்கிறேன், நொறுங்கியிருந்தால் அவனைத் திட்டாதே.

குன்றாண்டார்கோவில் பக்கத்து வயலில் மோட்டார் பைப்பைத் தூக்கப் போய் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். உன்னைக் கேட்காமலே முத்துராஜ் சித்தப்பா அவரைத் திருச்சிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்ததும் தெரியும். எலும்பு தேய்ந்திருக்கிறது, ஜவ்வு விலகியிருக்கிறது என்று அதில் வந்தது. படத்தைப் பார்த்த டாக்டர், தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றாராம். தேவைப்பட்டால் என்ற சொல்லைத் திருச்சியிலேயே விட்டுவிட்டு, ஆபரேஷனை மட்டும் இருவரும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து அப்பா படுத்தவர்தான். நலம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எல்லோரும் ஐயோ என்று உச்சுக்கொட்டினார்கள், ஒவ்வோர் உச்சுக்கும் அவர் இன்னும் கொஞ்சம் கட்டிலோடு ஒட்டிக்கொண்டார். நானும் என் பங்குக்கு அவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினேன், செருப்பைக்கூட நானே எடுத்துப் போட்டேன்.

காலில் மரமரப்பு உண்டா, ஒன்றுக்குப் போவதில் சிரமமா, காய்ச்சலா, எடை குறைந்ததா என்று பிசியோதெரபி படித்த நீ ஒவ்வொன்றாகக் கேட்டாய். எதுவும் இல்லை என்றதும், அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை, படுக்கையில் வைக்காதீர்கள், நடக்க வையுங்கள், அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் படத்தில் தேய்மானம் தெரியும் என்றாய். இங்கே அரசு ஆஸ்பத்திரியில் சிவரஞ்சனி என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்திருக்கிறார், அவரும் அப்பாவைத் தொட்டுப் பார்த்து, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, நீ சொன்னதையேதான் சொன்னார். ஊசி இல்லை, பெல்ட் வேண்டாம் என்றார். அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. வரும் வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம், “நடக்கச் சொல்றதுக்கு எதுக்குங்க டாக்டரு, நடக்க முடியலன்னுதானே ஆட்டோவுல வந்தேன்” என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

நான் என்ன செய்வேன், பள்ளிக்கூடத்து டீச்சராக எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். நீ சொன்னதையெல்லாம் சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன். காலையில் ஒருமுறை வாசித்தும் காட்டினேன். அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “டீச்சர், எனக்கு டி.சி. குடுத்துருங்க” என்றார்.

அப்போதுதான் ஆரோக்கியதாஸ் சார் நினைவு வந்தது. புதிய பாடமுறை வந்தபோது எங்களுக்குப் பயிற்சிக்கு மேல் பயிற்சி கொடுத்தார்கள். கையேடு, சுற்றறிக்கை எல்லாம் வந்தது, எல்லாம் நல்ல விஷயம்தான், நாங்களும் தலையாட்டினோம். பள்ளிக்குத் திரும்பியதும் பழையபடி வரிசையாக உட்காரவைத்துச் சத்தமாகச் சொல்லவைத்தோம். பிடிவாதம் என்று சொல்ல முடியாது, குழுக்குழுவாக உட்காரவைத்தால் வகுப்பு கையை விட்டுப் போய்விடுமோ என்று பயம். பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆரோக்கியதாஸ் சார் ஒருநாள் வந்தார். கையேட்டைத் திறக்கவே இல்லை, உங்கள் பிள்ளைகள் இடைவேளையில் எப்படி உட்கார்ந்து விளையாடுகிறார்கள் என்று மட்டும் கேட்டார். வட்டமாக உட்கார்ந்து சொட்டாங்கல் ஆடுவார்கள் என்றேன். அப்படியே உட்காரட்டும், கல்லுக்குப் பதில் பாட அட்டையைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வகுப்பு மாறியது அன்றைக்குத்தான்.

இதற்கிடையில் சித்தப்பா ஆபரேஷனுக்குத் தேதியே வாங்கிவிட்டார். திருச்சிக்குக் கிளம்ப வேண்டிய காலையில் நான் பையில் வேட்டி துண்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கை ஓடவில்லை. அப்பா கட்டிலில் இருந்தபடி, “எம் மக இங்கிட்டு இருந்தா ஒரு மிதி மிதிச்சிருப்பா, இந்தக் கண்றாவி எதுவும் வந்திருக்காது” என்றார். நீ கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்று நம் தெருவில் உன்னை எத்தனை பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். அப்பாவுக்கு அதில் என்ன பெருமை! நான் வேட்டியைக் கீழே வைத்துவிட்டு, மிதித்த பிறகு அந்த வலிக்காரர்களை என்ன செய்யச் சொல்வீர்கள் என்று கேட்டேன். “படுக்கக் கூடாது, எங்கயும் உக்காரக் கூடாது, திரும்பிப் பாக்காம நேரா குளத்துக்கு நடக்கணும், ஒரு சொம்புத் தண்ணி மோந்து வந்து புள்ள கால்ல ஊத்தணும், வலி விடுற மட்டும் தெனம் போய்ட்டு வரணும்” என்று ஒப்பித்தார். வழியில் டீக்கடையில் உட்கார்ந்துவிட்ட பக்கத்து வீட்டுச் சொர்ணத்தின் மாமனாரை, மிதித்ததெல்லாம் வீணாய்ப் போச்சே என்று இவர் விரட்டிக்கொண்டு போனதையும் அவரே சொன்னார். அப்படியானால் அவர்களுக்கு வலி விட்டது இளமதி மிதித்ததாலா, நீங்கள் விரட்டி நடக்கவைத்ததாலா என்று கேட்டேன்.

அவர் மெல்லக் காலைத் தரையில் ஊன்றினார். பிறகு சட்டையை எடு என்றார்.

அன்றைக்குக் குளம் வரை போகவில்லை. சுவரைப் பிடித்து, என் தோளைப் பிடித்து, தெருமுனை வரை போனோம். பாதியில் வலி வந்ததும் முகம் வெளுத்து, “எலும்பு நொறுங்குதுடி” என்றார். வலிப்பது வேறு, கெட்டுப்போவது வேறு என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். நின்றோம், பிறகு நடந்தோம். காரோடு வந்த சித்தப்பா அண்ணனைத் தெருவில் நின்றபடி பார்த்து, கோபப்படுவதா சந்தோஷப்படுவதா தெரியாமல் விழித்தார். தேதியைத் தள்ளிப்போடு, பிறகு பார்ப்போம் என்றார் அப்பா. இப்போது மாலையில் சித்தப்பாவும் கூடப் போகிறார். சில நாள் குளம் வரை, சில நாள் பாதி வழி, முடியாத நாளில் வாசலோடு சரி. தோட்டத்துச் செடிகளுக்கு அவரே தண்ணீர் ஊற்றுகிறார், நான் வாளியைப் பிடுங்குவதில்லை. இதெல்லாம் தானாகவே சரியாகியிருக்குமோ என்னவோ, முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே விடும் என்று நீயே சொன்னாய். இருக்கட்டும், கட்டிலை விட்டு எழுந்தாரே, எனக்கு அது போதும்.

போன வாரம் நீ சொன்னது மனதிலேயே இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் மெஷின் வை, ஸ்கேன் எழுது என்கிறார்கள், நடக்கச் சொன்னால் வேறு இடம் போகிறார்கள், இனிமேல் நானும் பேசாமல் மெஷினை வைத்துவிட்டுப் போகப்போகிறேன் என்றாய். உன் தொழிலில் நான் சொல்ல ஒன்றுமில்லை. வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பார். உங்கள் ஊரில், உங்கள் அம்மா வீட்டில் இடுப்புப் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேள். அதற்குள் எங்காவது ஒரு நடை ஒளிந்திருக்கலாம். இல்லாவிட்டால் அதையும் எழுது, சேர்ந்து யோசிப்போம்.

மிதிக்கிற வேலையை நான் இங்கே யாரிடமும் புகழவில்லை, பயப்படாதே. சொர்ணம், தன் அக்கா மகனும் கால் முன்னால் வந்து பிறந்தவன்தான், கூட்டி வரட்டுமா என்றாள். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். அப்பா என்னிடம் தனியாகச் சொன்னது இது: “அவ லீவுல வாரப்போ மிதிக்கல்லாம் வேணாம், காலை லேசா வச்சு எடுத்தாப் போதும். கொளத்துக்கு நான் நடந்துக்குவேன்.”

பிரகதாம்பாள் துணையிருக்க, நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும். வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது மறந்தும் வலி எப்படியிருக்கிறது என்று ஆரம்பிக்காதே, கேட்டால் உடனே இடுப்பைப் பிடித்துக்கொள்வார். இன்றைக்கு எதுவரை போனீங்க அப்பா என்று கேள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா
அழகி சேவுகன்