விழுப்புரத்தில் வளர்த்து, திண்டிவனத்தில் அளந்த கம்பிகள்

திண்டிவனத்தில் என் ஆய்வுக்கூடம் காலையிலிருந்து ஆசிட் நாற்றத்தில் கிடக்கிறது. நீ பார்த்தால் விடமாட்டாய். "உன் லேப்புல ஏசி வாசனைதான் வருது, வேலை செய்யிற வாசனையே இல்லப்பா" என்று கிண்டல் செய்தவள் நீதானே. இப்போது ஆசிட் பட்டு என் விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

உன் விழுப்புரம் கல்லூரியில் நீ வளர்ப்பாய், இங்கே நான் அளப்பேன். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நானோ கம்பிகள். ஒரு முனை சூடானால் அவை மின்சாரம் தரவேண்டும். இடையில் நிக்கல் சேர்த்தால், காந்தத்தை அருகே வைக்கும்போது அந்த மின்சாரம் மாறவும் வேண்டும். வீணாகிற சூட்டையெல்லாம் மின்சாரமாக்கிவிடலாம் என்பது நம் இருவரின் பைத்தியம். கம்பிகளைச் சிறு டப்பாவில் போட்டு, சென்னை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போன் செய்வாய். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்வேன்.

அந்த ஏற்பாடுதான் நம்மைப் படுத்தி எடுத்தது. காந்த அளவு ஒருமுறை வந்த மாதிரி மறுமுறை வரவில்லை. என் கருவி சரியில்லை என்றாய் நீ, உன் கம்பி சரியில்லை என்றேன் நான். பேச்சே நின்றுபோனது. பிறகு ஒருநாள் நீயே அந்த பஸ்ஸில் வந்து இறங்கினாய்.

"பத்திரமா இருக்கட்டும்னு டிரைவர் அண்ணன் நம்ம டப்பாவ ஸ்பீக்கர் மேல வெச்சிக்கினு வர்றாருப்பா. அதுக்குள்ள எம்மாம் பெரிய காந்தம் இருக்குது. பேஜாரா போச்சு."

நம் கம்பிகள் வழியெல்லாம் பாட்டுக் கேட்டுக் காந்தமேறி வந்திருக்கின்றன. அங்கேயே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அதற்குப் பிறகு, வழியில் ஏறிய காந்தத்தன்மையை நீக்கிவிட்டுத்தான் அளப்பது என்று வைத்துக்கொண்டோம்.

ஆய்விதழுக்கு அனுப்பிய நம் கட்டுரையைப் படித்த நடுவர், புதிதாக வளர்த்தாலும் அதே அளவு வருகிறதா என்று காட்டச் சொன்னார். நியாயமான கேள்விதான். அது வந்தபோது நீ மருத்துவமனையில் இருந்தாய். திரும்பி வரவில்லை. உன் இத்தனை வருட உழைப்பைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்தேன். எனக்குக் கற்றுத்தராமல் போய்விட்டாயே என்று உன்மேல் கோபமும் வந்தது.

உன் ஆய்வு மாணவி விழுப்புரத்திலிருந்து வந்து என்னுடன் நின்றாள். நாங்கள் முதலில் வளர்த்தவை பாதியிலேயே நின்றுவிட்டன. "ஜல்தி பண்ணக் கூடாது மேடம். எங்க மேடம் ஐஸ்ல வெச்சிக்கினு மெதுவாதான் வளப்பாங்க" என்றாள். எதிரே ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்தோம்.

இன்று மதியம் அளந்தோம். உன் கம்பிகள் தந்த அதே மின்னழுத்தம், காந்தத்தை வைத்தால் அதே மாற்றம். வாய்விட்டு அழுதேன். அவளும் அழுதாள்.

இனி எங்களில் யாரும் பாதி வேலை மட்டும் தெரிந்தவராக இருக்கப்போவதில்லை. அவள் அளக்கப் பழகுகிறாள். என் மாணவர்கள் அடுத்த வாரம் உன் கூடத்துக்கு வருகிறார்கள்.

சற்றுமுன் நடுவருக்குப் பதில் எழுதினேன். முதலில் வளர்த்தவர் இப்போது எங்களுடன் இல்லை, வேறு கைகள் வளர்த்தபோதும் அவர் சொன்ன அளவே வந்தது என்று.