தோளில் இருந்த கை

அன்புள்ள மங்கலுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வேன் மட்டும் திரும்பி வரும் வழியில் மூச்சு வாங்கிப் புகை விட்டது. தண்ணீர் ஊற்றித் தட்டிக்கொடுத்ததும் சமாதானமாகிவிட்டது. உன் மனைவிக்கு முட்டிவலி தேவலையா? மாடி வீடு என்றால் இறங்கும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்.

நீ மகன் ஊருக்குக் குடிபோன பிறகும் நம் போட்டோ கிளப் ஞாயிறு தவறாமல் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. தலைவர் பல் டாக்டர் இன்னும் பறவைகளைத்தான் துரத்துகிறார். போன மாதம் ஏரிக்கரைக்குப் போனோம். விடிந்ததிலிருந்து, மழைத்தண்ணீர்க் குழாய் மாதிரி இருக்கும் அந்த லென்ஸை நீட்டிக்கொண்டு எங்களை இருமக்கூட விடவில்லை. கொக்கு வந்தது. அவர் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றும் நேரம் பார்த்து வந்து, நின்று, இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டிவிட்டுப் போயிற்று. "என் பேஷண்ட் மாதிரியேதான் இருக்கு. நான் ரெடியாகும்போது எழுந்து ஓடிடுது" என்று புலம்பினார். கேஷியரம்மா வழக்கம்போல் பூட்டிய கதவுகளை எடுக்கிறார். அழகான திறந்த கதவு ஒன்றைக் காட்டினேன். "அதுல என்ன சார் இருக்கு? உள்ள எல்லாம்தான் தெரியுதே" என்று நகர்ந்துவிட்டார். நானா? ஊருக்கே கண் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவன் எடுக்கிற படமெல்லாம் இன்னும் கலங்கித்தான் வருகிறது. கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுவதில்லை. வியாபாரம் கெட்டுவிடும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டாக்டர் உன் பாடத்தைத்தான் நடத்துகிறார். உன் குரலையே வரவழைத்துக்கொண்டு, "வெறும் மூஞ்சி மட்டும் இருந்தா படம் சப்புன்னு இருக்கும். முன்னாடி ஏதாவது ஒண்ணு மங்கலா குறுக்க வரணும். அப்பதான் ஆழம் கிடைக்கும்" என்கிறார். குறுக்கே ஒன்றும் இல்லாவிட்டால் நீயே கொண்டுபோய் வைப்பாயே! ஒரு கிளை, ஒரு கொடிக்கயிறு, ஒருமுறை கேஷியரம்மாவின் குடை. அதனால்தானே உனக்கு மங்கல் என்று பெயர் வைத்தேன். இந்தப் பாடத்தை ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் இதற்கு வருவேன்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். வேனில் நான் வாயைப் பிளந்து தூங்கியதைக் கேஷியரம்மா படமெடுக்க, "கடைவாய்ப் பல் எவ்வளவு தெளிவா வந்திருக்கு பாருங்க" என்று டாக்டர் அதைப் பெரிதாக்கி ஆண்டுக் கண்காட்சியில் மாட்டினாரே, அது. எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். நீ ஒருவன்தான் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றினாய். "ஒருத்தர் மூஞ்சியை மாட்டணும்னா முதல்ல அவர் வாயால சரின்னு வரணும். இனிமே இதுதான் கிளப் விதி" என்று சத்தம் போட்டாய். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொன்னதில்லை. நமக்குள் அந்தப் பழக்கம் ஏது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தே வந்து பழகிவிட்டது.

உன் படங்களை அங்கே பெரிய அரங்கில் மாட்டுகிறார்கள் என்ற அழைப்பிதழ் டாக்டருக்கு வந்தது. எனக்கு வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று உனக்குப் போன் செய்தேன். "நீ எதுக்குடா அவ்வளவு தூரம் அலையணும்? முதுகு வேற உனக்குச் சரியில்ல. படத்தையெல்லாம் நானே ஒருநாள் கொண்டுவந்து காட்டறேன்" என்றாய். என் முதுகின் மேல் எத்தனை கரிசனம் என்று உருகிப்போனேன். அப்படிப்பட்டவனை விடலாமா, திடுதிப்பென்று போய் நின்று அசத்துவோம் என்று கிளப்பைக் கிளப்பியதே நான்தான். மகளும் விடுமுறையில் வந்திருந்தாள். "மங்கல் மாமா படமா? நானும் வரேன்" என்று ஏறிக்கொண்டாள். வழி முழுக்க உன் பெருமைதான். உன்னைக் கண்டெடுத்தவன் நான் என்கிற அளவுக்கு அளந்துகொண்டு வந்தேன்.

அரங்கில் வெள்ளைச் சுவர், நல்ல விளக்கு. கடைசிச் சுவரில் ஒரே ஒரு படம். அதன் முன்னால்தான் கூட்டம். டாக்டர் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். எனக்கு முதலில் தெரிந்தது என் கேமரா. அட, நம்ம கேமரா மாதிரியே இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அது தொங்கிக்கொண்டிருந்த கழுத்தைப் பார்த்தேன்.

அந்த நாளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படமெடுக்கப் போய் மலைப்பாதையில் இருந்தோம். ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் தேறி வந்துகொண்டிருந்த என் மனைவி, "கிளம்புங்க. நீங்க இங்க உட்கார்ந்து சிரிக்க வெச்சா தையல் வலிக்குது" என்று என்னை விரட்டியிருந்தாள். போன் வந்தது. நீதான் காரை ஓட்டினாய். நாம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி நடையில் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ முன்னால் மண்டியிட்டு என் தோளில் கை வைத்தாய். நான் உடைந்தது அப்போதுதான். ஏதோ சின்னதாகச் சத்தம் கேட்டது. கதவுத் தாழ்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனை வருஷமும் அந்தக் கையை வைத்துத்தான் ஓட்டினேன். யாராவது நண்பன் என்று பேச்செடுத்தால் எனக்கு உன் முகம்கூட வராது. அந்தக் கைதான் வரும். இன்னொரு கை எங்கே இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை, பார்!

படம் நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்னால் ஒரு கை மங்கலாகக் குறுக்கே வந்து தோளைத் தொடுகிறது. வாட்ச்சின் வார்ப்பூட்டு வெளியே தெரிகிறது, டயல் மணிக்கட்டின் உள்பக்கம். கேஷியரம்மா சட்டென்று, "இது மங்கல் சார் கை இல்ல? இப்படிக் கட்டற ஆள் அவர் ஒருத்தர்தானே" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். கீழே ஒரு சீட்டு: 'துணையை இழந்த ஒருவர்.' ஒருவராம்! என் பெயரைப் போட்டிருந்தால் கோபம் வந்திருக்குமோ என்னவோ. ஒருவர் என்று படித்ததும் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு அங்கே ஆள் இருக்க வேண்டுமே.

மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. விற்றுவிட்டது என்று அர்த்தமாம், டாக்டர் சொன்னார். ஆக, யார் வீட்டு சோபாவுக்கு மேலேயோ நான் ஆயுள் முழுக்க அழுதுகொண்டிருக்கப்போகிறேன். விருந்தாளிகள் பிஸ்கட் தின்றுகொண்டே, "பாவம், யாருங்க இது?" என்று கேட்பார்கள்.

மகள் நெடுநேரம் அங்கேயே நின்றாள். அம்மா போன அன்றைக்கு அவள் ஹாஸ்டலிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். அவளை அழைத்துவரப் போன நான் அசட்டுத்தனமாக ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். நான் அழுதால் அவள் என்ன ஆவாள் என்ற பயம். அதற்கு அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஸ்டேஷன்ல எங்கிட்ட ஜோக் அடிச்சியேப்பா" என்றாள். அவ்வளவுதான். வேனில் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். அவளிடம் நானே என்றாவது சொல்லலாம் என்று பத்திரமாக வைத்திருந்ததை, நுழைவுச்சீட்டு வாங்கிய எல்லோரும் பார்த்த பிறகு அவள் பார்த்தாள்.

நீ கூட்டத்திலிருந்து என்னைப் பார்த்ததும் வெளுத்துப்போனாய். அப்புறம் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாய். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். "மூக்கு நல்லா வந்திருக்குடா. இதுல ஒரு கண்ணாடி மாட்டியிருந்தா கடைக்கு விளம்பரமாவது ஆகியிருக்கும்" என்றேன். கூட்டம் சிரித்தது. உனக்கு உயிர் வந்தது. என்னைக் கட்டிக்கொண்டு, "நீ தப்பா எடுத்துக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்டா" என்றாய்.

அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். முன்பே கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனோ என்னவோ, தெரியாது. நீ கேட்கவில்லை. என் முதுகை விசாரித்தாய்.

படத்தை இறக்கு என்று கேட்கப்போவதில்லை. வாங்கியவர் ஆசையாக வாங்கியிருப்பார். மகளுக்கு ஒரு பிரதி வேண்டுமாம், அனுப்பிவை. கடை முகவரிக்கு வேண்டாம், அவள் முகவரிக்கே அனுப்பு. என் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். உன் பாடத்துக்கு இப்போது வருகிறேன். குறுக்கே ஒன்றும் இல்லாவிட்டால் நீயே கொண்டுபோய் வைக்கிறவன். அன்றைக்கு அந்தக் கை எனக்காக வந்ததா, படத்துக்காக வந்ததா? இதை மட்டும் ஒரு வரி எழுது. நீ எனக்காக என்று எழுதினால் நான் நம்பிவிடுவேன். என் புத்தி அப்படி. அதனால் நன்றாக யோசித்துவிட்டு எழுது.

மனைவியை முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் கையையும்.

இப்படிக்கு,
ஒருவர்