நீ மூடிய பிறகும் ஓடிய படம்

மண்ணரை, திருப்பூர்
செப்டம்பர் 2009

அன்பு மகள் பிரியங்காவுக்கு அப்பா எழுதுவது. ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு, உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று நம் குலசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதுகிறேன். உன் தம்பி தங்கதுரைக்குத் தலையில் தையல் பிரித்தாகிவிட்டது, சோறு சாப்பிடுகிறான், இடது காதில் மட்டும் எந்நேரமும் மிஷின் ஓடுகிற மாதிரி இரைச்சல் கேட்கிறது என்கிறான், போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்கிறார். போனில் இதையெல்லாம் பேசலாமே என்று நினைப்பாய். நான் வாயைத் திறந்தாலே உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் அன்றைக்கு அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, என் கடிதம் வரும்வரை சண்டை இருக்கும் அந்த வீடியோப் பதிவைத் தொடாதே, யாருக்கும் அனுப்பாதே என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதை இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் ஒன்று. லைவ் காட்ட நீ சொல்லிக்கொடுத்ததால்தான் தம்பிக்கு இப்படி ஆனது என்று அழுதாய். அந்த எண்ணத்தை விடு சாமி. கீழ் வீட்டில் அவன் கேம் சென்டர் வைத்து, பையன்கள் துப்பாக்கி விளையாட்டு ஆடுவதை இன்டர்நெட்டில் லைவாகக் காட்டத் தொடங்கியபோது படம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். மனுசன் எது, சுவர் எது என்று தெரியாமல் எல்லாம் கட்டம் கட்டமாக, நனைந்த துணியில் சாயம் ஊறின மாதிரி இருக்கும். நீதான் அங்கிருந்து ஒவ்வொன்றாகத் திருத்தினாய். நம் ஊர் லைனில் மேலே அனுப்பும் வேகம் குறைவு, பெரிய படத்தைக் கலங்கலாக அனுப்புவதைவிடச் சின்னப் படத்தைத் தெளிவாக அனுப்பு என்றாய், பனியனில் பிரிண்ட் அடிக்கிறவர்கள் செய்வதும் அதுதான் என்பதால் எனக்கே அது புரிந்தது. விளையாடுகிற சிஸ்டத்திலிருந்து லைவ் அனுப்பினால் அதற்கு மூச்சு முட்டும், வேடிக்கை பார்க்க மட்டும் ஒரு சிஸ்டத்தை விளையாட்டுக்குள் விட்டு அதிலிருந்து அனுப்பு என்றாய். வயர் இல்லாத கனெக்‌ஷனை எடுத்துவிட்டுக் கேபிள் இழுக்கச் சொன்னாய், அறையைக் காட்டும் கேமராவுக்கு எதிரில் இருந்த ஜன்னலை மூடி முகத்தில் வெளிச்சம் படும்படி லைட்டை மாற்றச் சொன்னாய். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆடுகிறவர்களுக்கு ஒரு லைன், லைவுக்கு ஒரு லைன், இரண்டையும் கலக்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அவன் அப்படியே செய்தான், படம் கண்ணாடி மாதிரி வந்தது, எங்கெங்கிருந்தோ ஆட்கள் பார்த்தார்கள். நீ சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு ஒரு நாள் அவன் நீ சொன்னதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

செல்வக்குமாரை உனக்கு ஞாபகம் இருக்கும். பின் தெருவில் இருக்கும் பொன்னாத்தாளின் மகன், தம்பியோடு ஒன்றாகப் படித்தவன், அப்பா இல்லாத பையன், பனியன் கம்பெனியில் டெய்லர். நம் சென்டரில் அவன் கை வேகத்துக்கு யாரும் கிட்ட வர முடியாது, லைவ் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அவன் ஆட்டத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர்ப் பையன்களோடு போட்டி. சாக்கடை வேலைக்கு ரோட்டைத் தோண்டியதில் ஒரு லைன் அறுந்துபோயிருந்தது. தம்பி மிச்சமிருந்த ஒரே லைனில் ஆட்டத்தையும் லைவையும் சேர்த்துவிட்டான். திரையில் செல்வக்குமாரின் ஆள் ஓட வேண்டிய இடத்தில் கம்பம் மாதிரி நின்றிருக்கிறான், எதிரி வந்து சுட்டுவிட்டுப் போயிருக்கிறான். மறுபடி மறுபடி அதே கதை. அவன் கேட்டிருக்கிறான், "டேய், லைவை நிறுத்துடா, ஒண்ணுமே நகர மாட்டேங்குது" என்று. இத்தனை பேர் பார்க்கும்போது எப்படி நிறுத்துவது என்று தம்பி மறுத்துவிட்டான். தோற்றதும், பார்த்தவர்கள் எழுதிய கேலியை எல்லாம் மைக்கில் படித்துச் சிரித்தான். நீயும் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய், அந்தச் சிரிப்பைக் கேட்டிருப்பாய்.

செல்வக்குமார் ஹெட்போனை வீசிவிட்டு வெளியே போய், மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மூன்று பேர் கையிலும் துணி சுற்றுகிற இரும்புக் குழாய். நான் மேலே படுத்திருந்தேன். சத்தம் கேட்டது, பொய் சொல்லவில்லை, நன்றாகவே கேட்டது. கண்ணாடி உடைவதும் ஆட்கள் அலறுவதும் தினமும் அந்த ஸ்பீக்கரில் கேட்கிறதுதானே, விளையாட்டு என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா சென்டர் வாசல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பையனைக் கொல்றாங்க, ஓடியாங்க" என்று கத்திய பிறகுதான் எழுந்து ஓடினேன். ஆட்டம் முடிந்ததும் ஆடியவர்கள் முகம் தெரிய வேண்டும் என்று தம்பி அறைக் கேமராவைப் பெரிதாக்கி, லைவை நிறுத்தாமலே விட்டிருந்தானாம், அதனால் மற்றவர்கள் கலைந்த பிறகும் அங்கே இருந்த நீ எல்லாவற்றையும் பார்த்துவிட்டாய். குழாய் அவன் தலையில் இறங்கியதையும் ரத்தம் கீபோர்டில் கொட்டியதையும் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினேன் என்றாய். நல்ல வேளை மூடினாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். செல்வக்குமாருக்கும் தெரியும்.

நான் உள்ளே போனபோது தம்பி மேஜைக்கு அடியில் சுருண்டு கிடந்தான், முகம் எது என்று தெரியவில்லை. கூட வந்த இருவரும் மானிட்டர்களை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள், ஒன்றின் படக்குழாய் வெடித்து அறை முழுக்கக் கண்ணாடி. செல்வக்குமார் மறுபடி ஓங்கினான். நான் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளினேன், தரையெல்லாம் ரத்தம், வழுக்கி விழுந்தான், குழாய் கையைவிட்டு உருண்டது. அக்கம்பக்கத்துக்காரர்கள் ஓடிவரும் சத்தம் கேட்டு மற்ற இரண்டு பேரும் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டார்கள். சண்டை அங்கேயே முடிந்துவிட்டது கண்ணு. அவன் எழுந்திருக்கக்கூட இல்லை, தரையில் உட்கார்ந்தபடி, "போதுங்க மாமா, நான் போயிடறேனுங்க" என்று கையெடுத்தான். நான் குழாயை எடுத்தேன். அவன் மணிக்கட்டில் காலை வைத்து மிதித்துக்கொண்டு, "இந்தக் கையில தானேடா அடிச்சே" என்று கேட்டு விரல்கள் மேல் அடித்தேன். "மாமா, கை மாமா, தையலுக்குப் போகோணும் மாமா" என்று அலறினான். திரும்பவும் அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது, கேட்ட பிறகும் அடித்தேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் சட்டை கிழிந்து கையோடு வந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் உள்ளே நுழைவதற்குள் குழாயைக் கீழே போட்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பயமோ அழுகையோ வரவில்லை, உள்ளுக்குள் மனசு குளிர்ந்த மாதிரி இருந்தது. இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை, உனக்கு எழுதுகிறேன். கட்டிங் மாஸ்டராக இத்தனை வருடம் வேலை பார்க்கிறேன், மிஷினில் விரல் போனவர்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன், விரல் போனால் ஒரு தொழிலாளிக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே அடித்தேன்.

போலீஸ் வந்து விசாரித்தபோது உன் அம்மா முந்திக்கொண்டு, "பையனைக் காப்பாத்தத் தள்ளுனாருங்க, அவன் உடைஞ்ச கம்ப்யூட்டர் டப்பா மேல உழுந்து கையை ஒடிச்சுக்கிட்டானுங்க" என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன், மறுத்துப் பேசவில்லை. செல்வக்குமார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி நடந்ததை நடந்தபடி சொன்னான், ஒருவரும் நம்பவில்லை. என் பெயரைச் சொல்லித் தெருவே சிரித்தது. "மாரப்பண்ணனா? குழந்தையைக்கூட வாங்க போங்கன்னு பேசறவருங்க, அவரா உழுந்து கெடக்கறவனை அடிப்பாரு?" என்றார்கள். அவனுடைய தாய்மாமனே ஆஸ்பத்திரிக்குப் போய், செய்வதையும் செய்துவிட்டுப் பெரிய மனுசன் மேல் பழி போடுகிறாயா என்று எல்லோர் எதிரிலும் திட்டிவிட்டு வந்தாராம். நம் வக்கீல் ஒரு யோசனை சொன்னார். லைவ் போனது எல்லாம் அந்தத் தளத்தில் தானாகப் பதிவாகிவிடும், அதைத் திறக்கும் வழி உன் கையில் இருக்கிறது, கேமராவும் உடையாமல் கடைசிவரை ஓடியிருக்கிறது என்று தம்பி சொன்னதைக் கேட்டதும், அவர்கள் குழாயோடு வருவதிலிருந்து தம்பி விழுகிறவரை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும்படி மகளிடம் சொல்லுங்கள், கொலை முயற்சிக் கேஸ் இறுகிவிடும், உங்கள் பக்கம் ஒன்றும் வராது என்றார். அம்மா உன்னிடம் கேட்டது அதைத்தான். ஏன் வெட்ட வேண்டும் என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

போன வாரம் யாரிடமும் சொல்லாமல் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. வராந்தாவில் பொன்னாத்தாள் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கத்துவாள், மண்ணை வாரி வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள். "எம்பையன் உங்க ஊட்டுக்குள்ள பூந்து அடிச்சது தப்புங்க, செயிலுக்குப் போகட்டுங்க, நான் தடுக்கலீங்க. ஆனா அவன் சொல்றதை பெத்த நானே நம்பறதா வேண்டாமான்னு தெரியாம உக்காந்திருக்கறனுங்க. அவன் பொய் சொல்றானுங்களா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றாள். வராந்தாவில் எத்தனையோ பேர் இருந்தார்கள். "பொய் சொல்லலீங்க, நான்தான் அடிச்சனுங்க" என்றேன். அந்தப் போசியாலேயே என் முகத்தில் ஓங்கி அடித்தாள். பல் குத்தி உதடு கிழிந்தது. மறுபடி அடிப்பாள் என்று நின்றேன், ஆனால் அவள் உள்ளே ஓடினாள், "கண்ணு, நீ சொன்னது நெசந்தான்டா, அவரே ஒத்துக்கிட்டாருடா" என்று சொன்னது எனக்கு வெளியே கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பையன் அழுத அழுகையை நான் உயிரோடு இருக்கும்வரை மறக்கமாட்டேன். கை உடைந்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை.

அதனால் சாமி, அந்தப் பதிவை வெட்டாதே. முதலிலிருந்து கடைசிவரை அப்படியே இறக்கி வக்கீலுக்கு ஒன்று, என் பெயருக்கு ஒன்று அனுப்பு, வக்கீல் கொடுக்காவிட்டால் நானே ஸ்டேஷனில் கொடுக்கிறேன். பெரிதாக இருக்கிறது, அனுப்ப நேரமாகும் என்று அளவைக் குறைத்துவிடாதே, முகங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும், என் முகமும். என் மேலும் கேஸ் வரும், மாஸ்டர் வேலை போகலாம் என்கிறார் வக்கீல். முழுப் பதிவையும் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டு வைக்கிறாள், அவள் கோபமும் நியாயம்தான், பெற்ற வயிறு. தம்பியிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். காதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டான். பிறகு, "முழுசா அனுப்பச் சொல்லுங்கப்பா, நான் மைக்குல சிரிச்சதுல இருந்து" என்றான். நீ அவனோடு பேசும்போது வலது காதில் போனை வைக்கச் சொல். உடைந்த சிஸ்டத்தைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் கேட்காதே.

நீ அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. பார்ப்பதானால் தனியாக இருக்கும்போது பார்க்காதே, கூடத் தங்கியிருக்கும் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள். அதில் வருகிற ஆள் உன்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன்தான், வேறு யாரோ என்று நினைத்துக்கொள்ளாதே. பார்த்த பிறகும் அப்பா என்று கூப்பிட மனம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய், அம்மாவை எடுக்க விடாமல் நானே எடுக்கிறேன். மனம் வராவிட்டால் அம்மாவோடு பேசு, நான் மாடியில் இருந்துகொள்கிறேன்.

கை காலுக்குச் சுகமும் மனசுக்குத் தைரியமும் குறையாமல் நீ நல்லபடியாக வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உன் அம்மா கோமளாவின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு, அதை அவள் வாயால் கேட்டு எழுத முடியவில்லை. சளிக்கு மிளகுத்தூள் பார்சலில் போட்டிருக்கிறேன், டப்பாவை இறுக்கி மூடி வை. பதிவை அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மாரப்பன்