செவ்வாய்க்கிழமை மட்டும் அடிக்காத மணி

நெமிலிச்சேரி
வியாழக்கிழமை

அன்பு மகள் கலைவாணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த ஊர்க் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே போன், அது எப்போதும் அவள் கையில். வாயால் சொன்னால் அழுதும் விடுவேன். அதனால் பட்டாபிராம் தபாலாபீஸ் வரை நடந்து போய் இதைப் போடுகிறேன்.

போன ஞாயிறு சிரித்துக்கொண்டே கேட்டாயே, செவ்வாய்க்கெழமையானா அங்க கரண்டே இருக்காதாப்பா, பதினொரு மணிக்கு நான் அனுப்பின அலாரம் ஆஃப்லைன்னு என் போன்ல வருதே என்று. அம்மா உடனே, ஆமாம்மா, மரம் வெட்டறாங்கோ என்றாள். உன் ஒயர்லெஸ்ஸைக் கிண்டல் பண்ண ஒரு சாக்கு என்று நானும் விட்டுவிட்டேன். மோடம் அணைந்தால் மயங்கி விழுகிற சாமான் அது, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் பேனல் ஒயரிங் பண்ணினவன் மாட்டிய மணிதான் மணி, கதவைத் திறந்தாலும் அடிக்கும், ஒயரை அறுத்தாலும் அடிக்கும் என்று உன்னிடம் எவ்வளவு ஜம்பம் அடித்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்திடம் பேச்சுவாக்கில் கேட்டேன். செவ்வாக்கெழமையா, கரண்டு இருந்திச்சே அண்ணே, நான் மாவு ஆட்டிகினு இருந்தேன் என்றாள். செவ்வாய்தான் நான் மண்ணூர்பேட்டைப் பட்டறைக்குப் போகிற நாள்.

நேற்று முன்தினம் அரை நாளில் திரும்பி வந்து பின்கதவைத் தள்ளினேன். மணி அடிக்கவில்லை. மோடம் அணைத்துக் கிடந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மணிப் பெட்டியைத் திறந்தால், இரண்டு திருகாணிகளையும் சேர்த்து அம்மாவின் கொண்டை ஊசி. வெள்ளையடித்தபோது மணி கத்தாமலிருக்க நான் ஒயர்த் துண்டு வைத்த அதே இடம், பார்த்து வைத்திருக்கிறாள். தொட்டியில் சாப்பிட்ட தட்டு இரண்டு, ஒன்றில் கத்தரிக்காயெல்லாம் ஓரமாக ஒதுக்கியிருந்தது. கத்தரிக்காயை ஒதுக்குகிறவன் நம் வீட்டில் உன் தம்பி இளங்கோ ஒருவன்தான்.

அலாரம் திருடனுக்காக என்று ஊருக்குச் சொன்னோம். இளங்கோ தீபாவளியன்று குடித்துவிட்டு என் தலைக்கு ஸ்பேனரை ஓங்கின பிறகுதானே நீ அதை அனுப்பினாய். இனி வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சொன்னவன் நான். பெற்றவளுக்கு மனசு கேட்குமா, சோறு மட்டும்தான் போடுகிறாள் என்றால் கண்டும் காணாமல் இருந்திருப்பேன். ஆனால் துணி காயப்போட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தவள் கையை முந்தானைக்குள் மறைத்தாள். மணிக்கட்டில் நாலு விரல் பதிந்து நீலம் பாரித்திருக்கிறது. கேட்டதற்கு, கிரைண்டர்ல இடிச்சிகினேன், அதுக்கு இன்னா இப்போ என்றாள். கிரைண்டருக்கு விரல் ஏது கலா?

நான் ஊசியை எடுக்கவில்லை. எடுத்தால் வேறு எங்காவது போய் அவனைப் பார்ப்பாள், அங்கே நான் இருக்க மாட்டேன். வருகிற செவ்வாய் பட்டறைக்குப் போவதுபோல் கிளம்பி, தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்து, பதினொன்றேகாலுக்குத் திரும்பி வரப் போகிறேன். அவனிடம் பேசத்தான் போகிறேன், கை நீட்ட மாட்டேன். அவன் என்ன செய்வான் என்று தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறதம்மா.

குழந்தைக்கு என் முத்தம், காதை மூடிக் குல்லா போடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். பஞ்சவர்ணத்தின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இது உன் கைக்கு வருவதற்குள் இரண்டு செவ்வாய் போயிருக்கும். அதற்கடுத்த ஞாயிறுகளில் என் குரலைக் கேட்டிருந்தால் இதைக் கிழித்துப் போடு. அம்மா மட்டும் பேசி, அப்பா தூங்கறாரு, நாங்க நல்லாத்தான் கீறோம் என்று சொல்லியிருந்தால், திரும்பப் போன் பண்ணி அவளைக் கேட்காதே. கிளம்பி வா.

இப்படிக்கு
உன் அப்பா
உலகநாதன்