பெருமுக்கல் என்று நீ சொல்லியிருந்தால்

நேற்று திண்டிவனம் ஸ்டேஷனில் பாசஞ்சருக்காகக் காத்திருந்தேன். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் என்னைத் தாண்டிப் போனாள். அவித்த வேர்க்கடலை, நம் பேச்சில் மல்லாட்டை. மண்ணும் உப்பும் கலந்த அந்த ஆவி மூக்கில் ஏறியதுதான் தாமதம், பெஞ்சில் எனக்குப் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தேன். உனக்கு இடம் பிடிக்கிறேனாம்! வண்டி வந்து, ஏறி உட்கார்ந்து, மயிலம் தாண்டுகிற வரைக்கும் பையை மடிக்கு எடுக்க மனசு வரவில்லை. எழுதித்தான் தீர்க்க வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். உனக்குச் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது.

நாம் முதலில் பேசிக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் நீ இருந்தாய். கழுத்தில் மாதா சுரூபம். கிறிஸ்தவ வேதக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பெயருக்கு முன்னால் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். "எந்தக் கோயில் பங்கும்மா?" திண்டிவனம் என்றாய். அது எனக்கும் தெரியும், கோயிலில் பார்த்திருக்கிறேன். "பூர்வீகம்?" என்றேன். நீ மல்லாட்டையை உடைத்துக்கொண்டே வெளியே எங்கேயோ கையைக் காட்டி, "அந்தப் பக்கந்தான்க்கா" என்றாய்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். நம் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத்தான் தெரியாது? எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு, கடைசியில் என்ன ஆட்கள். ஞானஸ்நானம் வாங்கியும் நாம் கழுவாமல் வைத்திருக்கிற அழுக்கு அது. அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நீயும் என்னைக் கேட்டதில்லை. எத்தனை வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு விழுப்புரம் போய் வந்தோம்! நான் தாலுகா ஆபீஸுக்கு, நீ ஸ்கேன் சென்டருக்கு. என் மாமியார் சண்டை உனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரர் திடீரென்று நெஞ்சு வலியில் போன அன்று நீ கட்டியிருந்த புடவை எனக்குத் தெரியும். நம் தாத்தாக்களின் பெயர் மட்டும் ஒருவருக்கொருவர் தெரியாது.

நீ கிண்டல்காரி. "அக்கா, நீங்க ஒரு கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்பு கேக்கற ஆளு" என்பாய். அப்படியே இருந்துவிட்டேன் பார்.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லை. ஈஸ்டருக்குக் குடும்பமெல்லாம் எங்கள் பூர்வீக ஊரான பெருமுக்கலில் கூடலாம், அதற்குள் வம்சத்தை எழுதி வை என்று என் தம்பி சொன்னான். பெரிய சார்ட் பேப்பர் வாங்கி, கொள்ளுத்தாத்தாவை உச்சியில் போட்டுக் கோடு இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு கிளை மட்டும் மொட்டையாக நின்றது. என் தாத்தாவின் தம்பி, சவரிமுத்து. சின்ன வயதிலேயே காலராவில் போய்விட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். கல்லறை எங்கே என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்ப்பார்கள்.

அதைக் கேட்கத்தான் கிளியனூருக்குப் போனேன். என் அப்பாவின் கடைசித் தம்பி, சித்தப்பா, அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். சார்ட்டைக் கட்டிலில் விரித்ததும், அந்த மொட்டைக் கிளைமேல் விரலை வைத்தார்.

"காலராவாவது ஒண்ணாவது. அவுரு வேற ஆளுங்க வூட்டுப் பொண்ணக் கட்டிக்கினு பூட்டாருமா. எங்கப்பா தன் தம்பிய அன்னிக்கே செத்துட்டான்னுட்டாரு. பேரு எடுத்தா சோறு கெடையாது."

"அவருக்குப் பிள்ளைங்க?"

"ஒரே பையன். திண்டிவனத்துல தையக்கடை வச்சிருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் போறப்ப நான் யாருக்கும் தெரியாம எட்டிப் பாத்துட்டு வருவேன். அவனும் செத்துப் பூட்டான். அவனுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு, பாவம். வேளாங்கண்ணிக்கு நடந்து போறப்ப லாரிக்காரன் கூட்டத்துல ஏத்திட்டானே, அதுல பூட்ச்சு. அடக்கமெல்லாம் முடிஞ்சப்புறந்தான் எனக்கே சேதி வந்துச்சு. விழுப்புரத்துல எங்கியோ ஸ்கேன் எடுக்கற எடத்துல வேல பாத்துக்கினு இருந்துச்சாம்."

பேனா என் கையில்தான் இருந்தது. எழுத முடியவில்லை. உன் அப்பா தையல்காரர் என்று நீ சொல்லியிருக்கிறாய். என் ரவிக்கையைப் பார்த்து, "எங்கப்பா இருந்திருந்தா இந்தக் கைய இப்டி வெட்ட உட்டிருக்க மாட்டாரு" என்று சிரித்திருக்கிறாய். சித்தப்பா உன் பெயரையும் சொன்னார். சொல்லியிருக்கவே வேண்டாம்.

நீ என் தங்கை. வாய்க்கு வந்தபடி ரயிலில் எல்லோரும் கூப்பிடுகிற அக்கா இல்லை, என் தாத்தாவும் உன் தாத்தாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பெருமுக்கல் என்று அன்றைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "அட, யாரு வூடு?" என்று நான் கேட்டிருந்தால், விக்கிரவாண்டி வருவதற்குள் விஷயம் வெளியே வந்திருக்கும். சாதி பார்த்து அவர்கள் நம்மைப் பிரித்தார்கள். சாதி பார்க்கக் கூடாது என்று நாம் வாயை மூடிக்கொண்டோம். இதை யாரிடம் சொல்லி அழுவது?

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். சுத்தப் பொய். ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அந்தக் காலையில் நானும் நின்றேன். காவி உடுத்திய யாத்திரைக்காரர்கள் தரையில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் வெளியே வந்து உன் பெயரைச் சொல்லி, "ரத்த சொந்தம் யாரு? முன்னால வாங்க" என்றார். யாரும் அசையவில்லை. உன் மகள் ஜெனி, சின்னப் பிள்ளை, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "நான் ஃபிரெண்டு சார், கூட ரயில்ல வர்றவ" என்று சொல்லி, வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். மத்தியானம் பண்ருட்டியிலிருந்து உன் கொழுந்தன் வந்து கையெழுத்துப் போடுகிற வரைக்கும் நீ உள்ளே யாருமில்லாதவளாகக் கிடந்தாய். என் தசை ஆடவே இல்லை. கால்தான் வலித்தது.

கொழுந்தன் ஜெனியைக் கன்னியர் மடத்து ஹாஸ்டலில் சேர்த்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பிறகு போகவில்லை. அவளுக்கென்று சித்தப்பா இருக்கிறார், நடுவில் நான் யார் என்று தோன்றியது. மரியாதை தெரிந்தவள் இல்லையா நான்!

கிளியனூரிலிருந்து திரும்பியதும் ஜெனியைத் தேடினேன். நர்ஸிங் முடித்து விழுப்புரத்திலேயே வேலையில் இருக்கிறாள். நேற்றைய பயணம் அதற்குத்தான். சார்ட்டைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஜெனி, நான் உன் பெரியம்மா. உனக்கு யாருமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. இப்படி.

ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்தோம். உன் நெற்றிதான், ஆனால் உன் வாய் அவளுக்கு வரவில்லை. அளந்துதான் பேசுகிறாள். சார்ட்டை விரித்து உச்சியிலிருந்து கோடு கோடாகக் காட்டி உன் பெயரில் வந்து நின்றேன். அதற்குக் கீழே அவள் பெயரையும் எழுதி வைத்திருந்தேன். அவள் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று கைக்குட்டையை எடுத்தேன்.

"சொந்தம்னு தெரியலன்னா நீங்க வந்திருக்கவே மாட்டீங்க இல்ல ஆன்ட்டி?" என்றாள்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் பேசுகிற குரல்.

"அம்மா வூட்டுக்கு வந்தா உங்களப் பத்தித்தான் பேசிக்கினு இருப்பாங்க. ஹாஸ்டல்ல ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் ஆளு வரும். நான் வாசல் கேட்டாண்டயே நின்னுக்கினு இருப்பேன். சித்தப்பா வரமாட்டாருன்னு தெரியும். நீங்க வருவீங்கன்னு நெனப்பேன்."

இதுவரை பழியைத் தாத்தாவின் மேல் போட்டேன், ஊரின் மேல் போட்டேன், கேட்காமல் போன கேள்வியின் மேல் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு எந்தக் கேள்வியும் தேவைப்படவில்லை. அவளுடைய அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். சார்ட்டை அவளே பதமாகச் சுருட்டி ரப்பர் போட்டுக் கொடுத்தாள். பெருமுக்கலுக்கு ஈஸ்டருக்கு வா என்றேன். "பாக்கறேன் ஆன்ட்டி" என்றாள். பெரியம்மா என்று கூப்பிடு என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போகப் போகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போவேன். அவள் ஆன்ட்டி என்றே கூப்பிடட்டும்.